ரிசர்வ்ல ஓடிக்கிட்டிருந்த வண்டி

இன்னைக்கு கெஸ்ட் யாரும் இல்லை. நானும் எங்க அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டரும்தான்.

கார்புரேட்டர் வண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும், டேங்குக்குக் கீழே இடது பக்கம் ஒரு சின்ன டேப் இருக்கும். ஆன், ஆஃப், ரிசர்வ். போய்க்கிட்டே இருக்கும்போது திடீர்னு இழுவை குறையும், வண்டி ரெண்டு தடவை இருமும். அப்பா குனிஞ்சுகூடப் பார்க்க மாட்டார். இடது கை தானா கீழே போய் டேப்பைத் திருப்பும், வண்டி மறுபடி ஓடும். சின்ன வயசுல டேங்க் மேல உட்கார்ந்து அதைப் பார்த்துட்டு, உள்ளே இன்னொரு குட்டி டேங்க் ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு நம்பிட்டு இருந்தேன்.

அப்படி இல்லை. டேங்க் ஒண்ணுதான். பெட்ரோல் இறங்குற வழிதான் ரெண்டு. ஒண்ணு உள்ளே உயரமா நிக்கிற குழாய், இன்னொண்ணு அடியில இருக்குற துளை. ஆன்ல இருந்தா குழாய் வழியாத்தான் பெட்ரோல் வரும். மட்டம் குழாயோட வாய்க்குக் கீழே போனதும் வண்டி இருமும். அடியில ஒரு லிட்டர் சொச்சம் மிச்சம் இருக்கும், ரிசர்வ் போட்டா அது கிடைக்கும். சென்சார் கிடையாது, கோட் கிடையாது, வெறும் குழாய் உயரத்தை வெச்சு ஒரு அலர்ட் சிஸ்டம். இப்போ யோசிச்சாலும் எனக்குப் பொறாமையா இருக்கு.

ஆனா ஒரு விஷயம். பெட்ரோல் போட்டதும் டேப்பைத் திரும்ப ஆனுக்குக் கொண்டு வரணும். மறந்துட்டா வண்டி அடித்துளை வழியாவே குடிச்சுக்கிட்டு இருக்கும். ஃபுல் டேங்க் அடிச்சாலும் இருமல் வராது. ஒரு நாள் நேரா நின்னுடும்.

2014, நான் காலேஜ் முதல் வருஷம். லீவுக்கு தஞ்சாவூர் வந்தப்போ அப்பா வண்டியை எடுத்துட்டுப் போனேன். வண்டி இருமிச்சு, ரிசர்வ் போட்டேன், இருநூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட்டேன், வீட்ல கொண்டு வந்து நிறுத்தினேன். பெரிய பொறுப்பான பையன்னு எனக்கே ஒரு நினைப்பு. நாலஞ்சு நாள் கழிச்சு அப்பாவும் அம்மாவும் ஒரத்தநாடு பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போனாங்க. திரும்பி வரும்போது ராத்திரி பத்து மணிக்கு, ரெண்டு பக்கமும் வயல், வண்டி நின்னுடுச்சு. அப்பா கை டேப்புக்குப் போயிருக்கு. அது ஏற்கெனவே ரிசர்வ்ல இருந்திருக்கு.

பங்க் வரைக்கும் தள்ளிக்கிட்டே வந்திருக்காங்க. அம்மா பட்டுப்புடவையோட, புதுச் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு. மறுநாள் காலையில அப்பா கேட்டார்:

"பெட்ரோல் போட்டது நீதானே?"

"ஆமாப்பா."

"டேப்பைத் திருப்புனியா?"

நான் பேசலை. அவரும் திட்டலை, துண்டை எடுத்துக்கிட்டுக் குளிக்கப் போயிட்டார். அம்மா திண்ணையில உட்கார்ந்து பாதத்துல தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டு இருந்தாங்க. அவங்க என்னை நிமிர்ந்தே பார்க்கலை. திட்டு வாங்கியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

இப்போ ஒரு எட்டு வருஷம் தள்ளி வாங்க. சென்னை, ஓஎம்ஆர். எங்க டீம்ல ஆன்-கால் பார்க்க ரெண்டே பேர். சர்வர் விழுந்தா ராத்திரி எத்தனை மணியானாலும் எழுந்திரிக்கணும். அதுல ஒருத்தர் பேப்பர் போட்டுட்டார். "புது ஆள் வர்ற வரைக்கும் நீயே பார்த்துக்கோ" என்றார்கள். அஞ்சு மாசம் பார்த்தேன். முதல்ல எனக்கும் இருமல் வந்தது. காரணமே இல்லாம எரிச்சல், மத்தியானச் சாப்பாடு நாலு மணிக்கு, அம்மா போன் அடிச்சா கட் பண்றது. போகப் போக அதெல்லாம் பழகிடுச்சு. பழகினதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சேன்.

பொங்கலுக்கு அஞ்சு நாள் ஊருக்குப் போனேன். நல்லா தூங்கினேன், நல்லா சாப்பிட்டேன். டேங்க் ஃபுல். ஆனா அலர்ட் ஆப் அஞ்சு நாளும் ஆன்லதான் இருந்தது. லேப்டாப்பும் கூடவே வந்தது. பெட்ரோலைப் போட்டுட்டேன், டேப்பைத் திருப்பலை.

மூணு வாரம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி. அபார்ட்மென்ட் பார்க்கிங்ல வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்துட்டு, சீட்லயே உட்கார்ந்திருந்தேன். மேலே போகணும், போக முடியலை. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை, ஒண்ணுமே இல்லை. முக்கால் மணி நேரம். வாட்ச்மேன் அண்ணன் டார்ச்சோட வந்து கேட்டார், "என்ன தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆகலையா?"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவர் பிளாஸ்க்ல இருந்து பாதி டம்ளர் டீ ஊத்திக் கொடுத்தார். குடிச்சிட்டு மேலே போனேன்.

அப்புறம் மேனேஜர்கிட்ட பேசினேன். இன்னொரு ஆள் வேணும், இல்லைன்னா சனி, ஞாயிறு அலர்ட் எடுக்க மாட்டேன்னு சொன்னேன். ரெண்டு மாசம் இழுத்தாங்க. அந்த வருஷ ஹைக் சுமாராத்தான் வந்துச்சு. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு நான் கேட்கலை. இப்போ நாலு பேர் பார்க்குறோம். லீவுல போனா ஆப்பை லாக்-அவுட் பண்ணிடுறேன். அப்போகூடச் சில நாள் கை தானா போனைத் தேடுது, பொய் சொல்ல மாட்டேன்.

போன மாசம் அப்பா வந்திருந்தார். பால் வாங்க என் வண்டியை எடுத்துட்டுப் போனார். 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்ததுக்கு அப்புறம் பெரும்பாலான பைக்ல ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்தானே, என் வண்டியும் அதுதான். திரும்பி வந்து நிறுத்தும்போது அவர் இடது கை டேங்குக்குக் கீழே தடவிக்கிட்டு இருந்தது.

"இதுல ரிசர்வ் எங்கடா?"

"இதுல டேப் கிடையாதுப்பா. மீட்டர்ல கட்டம் குறையும், பார்த்துக்கணும்."

"பார்த்தாதானே?" என்றார்.

அன்னைக்கு ராத்திரி மொட்டை மாடியில பார்க்கிங் கதையை அவர்கிட்ட முதல் தடவையா சொன்னேன். அறிவுரை வரும்னு எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த வாட்ச்மேன் இன்னும் இங்கதான் இருக்காரா?" என்று கேட்டார். மறுநாள் விடிகாலையில கீழே எட்டிப் பார்த்தா, ரெண்டு பேரும் கேட் பக்கத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு டீ குடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அவ்வளவுதான் மக்களே. அடுத்த வாரம் பேசலாம்.