லபோர்த்: கதவுன்னு ஒரு குடும்பப் பெயர்

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு புதுச்சேரிப் பெயரைப் பத்தி: லபோர்த்.

பிரெஞ்சுல ‘லா போர்த்’ என்றால் கதவு. ஆனா இந்தப் பெயரை வச்சுக்கிட்டவர் பிரெஞ்சுக்காரர் இல்லை. பொன்னுத்தம்பிப் பிள்ளைங்கிற தமிழ் வக்கீல்.

1873-ல் அவர் ஐரோப்பிய பாணி ஷூ போட்டுக்கிட்டு இங்க இருந்த நீதிமன்றத்துக்குள்ள போனார். இந்தியர்கள் செருப்பை வெளியே கழற்றிட்டு வரணும்ங்கிறது அப்போ வழக்கம். எதிர்ப்பு வந்தது. அவர் விடலை. பாரீஸ் வரைக்கும் வழக்கைக் கொண்டுபோய் ஜெயிச்சார்.

அடுத்து, 1881 செப்டம்பர் 21-ல் ஓர் ஆணை வந்தது. கல்யாணம், சொத்து, வாரிசு இதிலெல்லாம் தங்கள் மத, சாதி வழக்கங்களை விட்டுட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குக் கீழ வர விரும்புறவங்க பதிவு பண்ணிக்கலாம். ஒருமுறை பண்ணிட்டா திரும்ப முடியாது. இவங்களைத்தான் ‘ரெனோன்சான்’, அதாவது துறந்தவர்கள்னு சொன்னாங்க.

பதிவு பண்றப்போ ஒரு குடும்பப் பெயரும் சொல்லணும். இங்கதான் விஷயமே இருக்கு. நமக்கு அப்பா பெயரோட முதலெழுத்துதான் இனிஷியல். தலைமுறைக்குத் தலைமுறை அது மாறிடும். பெயருக்குப் பின்னால மாறாம வந்தது பிள்ளை, முதலியார் மாதிரியான சாதிப் பட்டம்தான். அந்த இடத்துல இப்போ புதுசா ஒரு சொல்லை அவங்களே தேர்ந்தெடுக்கலாம்! சிலர் பிரெஞ்சுப் பெயர் வச்சாங்க. சிலர் தமிழ்ப் பெயரையே குடும்பப் பெயரா வச்சுக்கிட்டாங்க. பொன்னுத்தம்பி தேர்ந்தெடுத்தது ‘கதவு’. மத்தவங்களுக்கு வழி திறந்துவிடுறோம்ங்கிற அர்த்தத்துல.

அந்தக் கதவு வழியா வந்தவங்கள்ல கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய பேர். பிள்ளைன்னு பட்டம் இருந்த ஒருத்தர் அதை விடுறது ஒண்ணு. பெயரைக் கேட்டதுமே தள்ளி நிக்கச் சொல்லப்பட்டவங்க, சாதி தெரியாத ஒரு பெயரைப் பிள்ளைகளுக்கு விட்டுட்டுப் போறது வேற. எனக்கு இந்த ரெண்டாவதுதான் பெரிய விஷயமாத் தெரியுது.

ஆனா உள்ள வந்ததும் எல்லாம் சரியாயிடலை. மேல்சாதி இந்துக்களோட தலைவரா இருந்த சண்முக வேலாயுத முதலியார் இந்த மாற்றத்தைக் கடுமையா எதிர்த்தார். 1884-ல் வாக்காளர் பட்டியலையே மூணாப் பிரிச்சாங்க: ஐரோப்பியர் ஒண்ணு, ரெனோன்சான் ஒண்ணு, மத்த இந்தியர் ஒண்ணு. சட்டம் ஒண்ணுதான், ஆனா ஐரோப்பியரோட ஒரே பட்டியல்ல இடம் இல்லை.

இன்னைக்கும் நம்ம ஊர்ல தமிழ் முகத்தோட பிரெஞ்சுக் குடும்பப் பெயர் வச்சிருக்கவங்களைப் பார்க்கலாம். “வெள்ளைக்காரன் மாதிரி பேர் வச்சிருக்காங்க பாரு”ன்னு சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. அது யாரோ ஒரு தாத்தாவோ பாட்டியோ பதிவேட்டு முன்னாடி நின்னு எடுத்த முடிவா இருக்கலாம்.

உங்க பெயருக்குப் பின்னால இருக்கிறது யார் தேர்ந்தெடுத்த சொல்? வீட்ல கேட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.