தோலும் பூவும் மண்ணுக்குப் போகட்டும்



காய்கறித் தோல், கீரைக் காம்பு, சாமிக்குச் சாத்திய பூ. இவற்றைக் குப்பையில் போட நம்மில் பலருக்கு மனம் வருவதில்லை. பூ யார் காலிலும் படக்கூடாது என்று புளோக்கிற்குக் கீழே மரத்தடியில் வைக்கிறோம். மிஞ்சிய சோற்றையும் காகத்திற்காக அங்கேயே வைக்கிறோம்.

எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த இடத்திற்கு எலியும் கரப்பான்பூச்சியும் வந்துவிடுகின்றன. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். காகம், புறாவுக்கு உணவு போடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

வீட்டுக் குப்பை எரிப்பு ஆலைக்குப் போகிறது. எரித்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். அந்தச் சாம்பலைக் கொட்ட, 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் ஒன்றுதான் நமக்கு இருக்கிறது. அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

தோலுக்கும் பூவுக்கும் ஏற்ற இடம் சமூகத் தோட்டம். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய திட்டத்தின்கீழ்ப் பல பேட்டைகளில் இத்தகைய தோட்டங்கள் உள்ளன. சிலவற்றில் உரத்தொட்டியும் உண்டு. உங்கள் பேட்டையில் உண்டா என்று சமூக மன்றத்தில் கேளுங்கள்.

கொடுக்கலாம்: காய்கறி, பழத் தோல்கள், காப்பித்தூள், தேயிலைச் சக்கை, கழுவி நொறுக்கிய முட்டை ஓடு, நார் நீக்கிய பூமாலை.

வேண்டாம்: சமைத்த சோறு, குழம்பு, மீன், இறைச்சி, எண்ணெய், பால் பொருள்கள். இவை நாற்றமெடுத்து எலியை இழுக்கும். மிஞ்சினால் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். அளவாகச் சமைப்பது அதைவிட நல்லது.

தொட்டியில் ஒரு பங்கு தோலுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த சருகு போட வேண்டும். மேலே எப்போதும் சருகு மூடியிருந்தால் ஈ மொய்க்காது. பிழிந்த துணிபோல் ஈரம் இருந்தால் போதும். வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் மண்வாசனை வீசும் உரம் கிடைக்கும்.

உங்கள் உடல்நலத்தையும் கவனியுங்கள். கையுறையும் மூடிய காலணியும் அணியுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் கால் புண்ணை மூடாமல் மண்ணில் இறங்க வேண்டாம். மண்ணிலுள்ள கிருமிகள் அதன்வழி உடலுக்குள் போகலாம். தூசி பறந்தால் முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். வாளியைக் கவிழ்த்து வையுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஒரே வாரத்தில் வளர்ந்துவிடும்.

தோட்டம் பூட்டியிருந்தால் பையை வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய், மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் கொண்டு வாருங்கள்.

எரு போட்டுச் செடி வளர்க்கும் பழக்கம் உங்களில் பலருக்கு உண்டு. அதைப் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள். வரும்போது அவர்களையும் தோட்டத்திற்கு அழைத்து வாருங்கள்.