மின்தடைக்கு ஒரு சிறு கைவிளக்கு
(மூத்தோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மின்தடைக்கு ஆயத்தமாவது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். அதில் ஒரேயொரு பொருளை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். நாம் ரோர்ச் லைற் என்று வழங்கும் சிறு கைவிளக்கே அது.

2003 ஆகஸ்ட் 14 ஆம் நாள் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் ஒருசேர இருண்டன. ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரமின்றி இருந்தனர். 2013 டிசம்பர் 21, 22 ஆம் நாள்களில் பெய்த உறைமழையால் ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் மின் இணைப்புகள் செயலிழந்தன. நத்தார் கழிந்த பின்னரும் சில வீடுகளுக்கு மின்சாரம் வரவில்லை. அத்தகைய இரவுகளில் மெழுகுவர்த்தியை நாடுவது நம் வழக்கம். ஆனால் திரைச்சீலைகள் தொங்கும் அடுக்குமாடி வீட்டில் அது தீயை அழைக்கும் செயல். ஒட்சிசன் பயன்படுத்தும் நோயாளர் உள்ள வீட்டில் எண்ணியும் பார்க்கக் கூடாது. கைத்தொலைபேசியின் வெளிச்சம் போதாதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 911 ஐ அழைக்க வேண்டிய கருவியின் மின்னைப் படிக்கட்டில் செலவிடுவது புத்திசாலித்தனமன்று.

கைவிளக்கு வாங்கச் செல்வோர் முதலில் விளக்கைப் பார்க்கிறார்கள். நான் மின்கலத்தை முதலில் பாருங்கள் என்பேன். உள்ளேயே மின்கலம் பொருத்தி, மின்னேற்றிப் பயன்படுத்தும் விளக்குகள் இப்போது ஏராளம். நல்லவைதாம், ஆயினும் அலுமாரியில் ஓராண்டு கிடந்து, மின்சாரம் நின்ற பிறகு எடுத்தால் அவற்றை எங்கே மின்னேற்றுவது? ஏஏ மின்கலம் அப்படியன்று. சுவர் மணிக்கூட்டில் உண்டு, இரத்த அமுக்கம் அளக்கும் கருவிகள் பலவற்றில் நான்கு உண்டு, மூலைக்கடையிலும் கிடைக்கும். யாழ்ப்பாணத்தில் 1990களில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாக இருந்தது. ஜாம் போத்தலில் திரியிட்டு, சில துளி மண்ணெண்ணெயில் பாடம் படித்தவர்கள் இந்த அவையிலும் இருக்கக்கூடும். கையில் கிடைக்கும் மின்கலத்தில் எரிவதே விளக்கு என்பதை அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஏஏஏ என்னும் மெலிந்த மின்கலமும் வீட்டில் இருக்குமே எனலாம். அதன் கொள்ளளவு ஏஏயின் பாதிக்கும் குறைவு. மலிவான விளக்குகள் பலவற்றில் மூன்று ஏஏஏ மின்கலங்களை ஒரு சிறு கூட்டினுள் முன்னும் பின்னுமாக அடுக்க வேண்டும். இருட்டில், நடுங்கும் விரல்களுடன் அதைச் செய்து பாருங்கள்! ஒரே ஒரு ஏஏ மின்கலத்தில் எரியும் விளக்கே என் பரிந்துரை. பெரும்பாலான அத்தகைய விளக்குகளில் மேடிட்ட முனை தலைப்பக்கம் நோக்கியிருந்தால் போதும்; விரலால் தடவியே அறியலாம். வாங்கிய அன்றே கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை மாற்றிப் பழகுங்கள்.

அடுத்து, பெட்டியில் அச்சிட்ட எண்கள். வெளிச்சத்தை லூமன் என்னும் அலகால் குறிப்பர். ஒரு மெழுகுவர்த்தி ஏறத்தாழ 12 லூமன் தரும். குளியலறைக்குச் சென்றுவர 20 அல்லது 30 லூமன் போதும். படிக்கட்டில் இறங்க 100 இருந்தால் நன்று. ஆயிரம் லூமன் என்று பறைசாற்றும் சிறு விளக்கை ஒரு ஏஏ மின்கலத்துடன் கண்டால், அதை வைத்துவிட்டு நகருங்கள். எரியும் நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எஃப்எல்1 என்னும் தரநிலைப்படி, தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான காலமே எரியும் நேரம். ஆகவே ‘10 மணி நேரம்’ என்பது பத்து மணி நேரமும் ஒரே வெளிச்சம் என்று பொருள்படாது. 100 லூமனில் தொடங்கியது இறுதியில் 10 லூமனாக மங்கியிருக்கும். குறைந்த வெளிச்ச நிலை ஒன்று உள்ள விளக்கைத் தேர்ந்து, அந்த நிலைக்குரிய நேரத்தையே பாருங்கள். விளக்கை மேசையில் நிறுத்தி வெண்ணிறக் கூரையை நோக்கி எரியவிட்டால் குறைந்த வெளிச்சமே அறை முழுதும் பரவும்.

ஆளியை அழுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள். மூட்டுவாதமுள்ள கைகளுக்குத் தலையைத் திருகி ஏற்றும் விளக்கு பெருந்தொல்லை.

சாதாரண அல்கலைன் மின்கலம் நெடுநாள் உள்ளே கிடந்தால் கசிந்து விளக்கையே அரித்துவிடும். ஆதலால் அதை வெளியே எடுத்து, விளக்குடன் ஒரே பையில் வைப்பது நலம். வாகனத்தில் வைப்பதற்கு 1.5 வோல்ட் லிதியம் ஏஏ சற்று விலை கூடினும் தகும். கசிவு அரிது, நம் மாசி மாதக் குளிரையும் தாங்கும். ஆனால் அதே உருவத்தில் 3.7 வோல்ட் மின்கலம் ஒன்றும் விற்பனைக்கு உண்டு. சாதாரண ஏஏ விளக்கில் அதை இடலாகாது. பழையதையும் புதியதையும் கலப்பதும் தவறு. பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில், பொத்தான் வடிவ மின்கலத்தில் எரியும் சாவிக்கொத்து விளக்குகளைத் தவிர்த்துவிடுங்கள். குழந்தை அதை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை அது.

விளக்கு படுக்கையின் தலைமாட்டில், கைக்கெட்டும் ஆணியில் தொங்கட்டும். பங்குனியிலும் கார்த்திகையிலும் மணிக்கூட்டை மாற்றும் நாளில் அதையும் ஏற்றிப் பாருங்கள். தீர்ந்துபோன மின்கலங்களைக் குப்பையிலோ நீலப் பெட்டியிலோ இடாமல், நகரின் கையளிப்பு நிலையங்களில் ஒப்படையுங்கள். அருகிலுள்ள நிலையம் எதுவென 311 இல் கேட்டறியலாம்.