தேத்தண்ணி

கொடைக்கானலுக்குப் போகிற பலர் வத்தலக்குண்டில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மலை ஏறுவார்கள். அந்தக் கடை வாசலில் ஐந்து நிமிஷம் காது கொடுத்து நில்லுங்கள். பூண்டு மூட்டையை இறக்குகிறவர் "அங்கிட்டு வையிப்பா" என்பார். பக்கத்திலேயே கோயமுத்தூர்க்காரர் ஒருவர் "ஏனுங்க, பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்பார். யார் எந்த ஊர் என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

பேச்சை வைத்தே ஆளை அடையாளம் காட்டுகிற இந்த வித்தையை நாவலில் செய்தவர் வத்தலக்குண்டுக்காரரான ராஜமையர். 1893-இல் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 21. தமிழ் நாவல் நடை பழகிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே ஆளுக்கொரு பேச்சைக் கொடுத்துவிட்டார். பண்டிதர் அம்மையப்ப பிள்ளை வாயைத் திறந்தால் இலக்கியத் தமிழ் கொட்டும். ஊர்வம்பு பேசும் பெண்களிடம் அக்ரஹாரத்துப் பேச்சு. பேயாண்டித் தேவன் வந்தால் தமிழே வேறு.

இதே வத்தலக்குண்டில் வளர்ந்த சி.சு. செல்லப்பா 'வாடிவாசல்' என்ற குறுநாவலை எழுதினார். ஒரே சாயங்காலம், ஒரே ஜல்லிக்கட்டு. அங்கே எல்லோரும் மதுரைப் பக்கத்துப் பேச்சுதான் பேசுகிறார்கள். அப்புறம் வித்தியாசம் எங்கே? மரியாதையில். கூட்டத்தில் ஒரு கிழவனிடம் உரிமையாகப் பேசுகிற வாய், ஜமீன்தார் முன்னால் பணிந்துவிடுகிறது. யார் யாருக்கு அடங்கியவர் என்பதை ஆசிரியர் விளக்கவே இல்லை. விளிக்கிற சொல்லிலேயே அது இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய வித்தை.

புதிதாக எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். காதில் விழுந்த ஒலியையெல்லாம் அப்படியே தாளில் இறக்காதீர்கள். வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்தால் பேசுகிற ஆள் மறைந்துபோவார். சில சமயம் ஒரு சொல்லே போதும்.

கொடைக்கானல் மேல்மலையில் குண்டுப்பட்டி என்று ஓர் ஊர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து டீக்கடையில் ஒருமுறை ஒரு பெரியவர் "ஒரு தேத்தண்ணி குடுங்க தம்பி" என்றார். கடைப் பையனுக்குப் புரியவில்லை, "என்ன தாத்தா?" என்றான். கப்பல், தோட்டத்து லயத்து வீடு, கொழுந்துக்கூடை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் இருந்தன. பெரியவர் ஒரு கணம் பேசாமல் நின்றார்.

"டீ, தம்பி" என்றார் பிறகு, குரலைத் தாழ்த்தி.

அந்த ஒரு கணத்தை எழுத ஒருவர் வர வேண்டும் என்று காத்திருக்கிறேன்.