ஊறட்டும், பொறு!
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"கட்டுமானத் துறையில் இருக்கிறாய், அதைப் பற்றிப் பேசு" என்றார் செயலாளர். கான்கிரீட்டைப் பற்றித்தான் புனேயில் வருஷம் முழுக்கப் பேசுகிறேனே! இன்றைக்கு என் லீவைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். பெரிய மனதோடு கொடுத்துவிட்டார்.

என் ஊர் பாம்பன் தீவில் உள்ள தங்கச்சிமடம். மல்லிகை நாற்று வாங்கியவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் கோடையின் கடைசிப் பத்து நாளை, ஜூன் முதல் பாதியில், நான் அங்கேதான் கழிக்கிறேன். 2022 டிசம்பரில் பாம்பனில் ரயில் நின்றதிலிருந்து பஸ்ஸில்தான் பாலம் தாண்டினோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் மறுபடி ரயில். ஜன்னலோரத்துக்கு எனக்கும் மகளுக்கும் போட்டி!

எங்களுக்கு இரண்டு கடல். அந்த மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும். தெற்குக் கடல் இரைந்துகொண்டே இருக்கும். வடக்குக் கடலோ குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்தால் நிலைமை தலைகீழ். அதனால் காலைக் குளியல் வடக்கே, மாலைக் காற்று தெற்கே. நடுவில் நுங்கு, பதநீர், வேப்பமர நிழலில் ஒரு தூக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் விசைப்படகுகள் கரையோரம் நிற்கும். பழுது பார்ப்பதும் பெயிண்ட் அடிப்பதுமாக இருக்கும். மீன் குஞ்சு பொரிக்கக் கடலுக்கே இரண்டு மாதம் லீவு கொடுக்கிறார்கள். நமக்குப் பத்து நாள் அதிகமா, சொல்லுங்கள்?

இப்போது கொஞ்சம் பாடம். சுற்றிலும் உப்புக் கடல், நடுவில் எங்கள் கிணற்றில் நல்ல தண்ணீர். எப்படி? மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கைபன், ஹெர்ஸ்பெர்க் விதிப்படி கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும்! ஐப்பசி, கார்த்திகை மழையில் சேர்ந்தது கோடைக் கடைசியில்தான் மிகவும் மெலிந்திருக்கும்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஹெர்ஸ்பெர்க் இல்லை, என் அப்பத்தா. மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் அள்ளும்போது, "பொறுடா தம்பி, ஊறட்டும். அவசரப்பட்டா உப்புதான் வரும்" என்பார்.

போன ஜூனில் அந்தப் பாடம் வேலைக்கு வந்தது. அம்மாவுக்கு மூட்டு வலி; இனி வாளியில் இறைக்க முடியாது. "நூறு அடிக்கு போர் போட்டுடலாம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். போட்டிருந்தால் உப்பைத்தான் இறைத்திருப்போம், கிணறும் கெட்டிருக்கும். அரை குதிரைத்திறன் மோட்டார் ஒன்று வாங்கினேன். உறிஞ்சு குழாயை ஆழமாக இறக்காமல் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்தினேன். டைமர் வைத்துக் காலையில் பத்து நிமிஷம், மாலையில் பத்து நிமிஷம்; மற்ற நேரமெல்லாம் கிணறு ஊறும். முதல் தண்ணீரை அம்மா நாக்கில் வைத்துப் பார்த்து, "இனிப்பாத்தான் இருக்கு" என்றார். கோடி ரூபாய் வேலைகள் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு சான்றிதழ் கிடைத்ததில்லை.

தம்பி தங்கைகளே, வேலைக்குப் போனபின் "லீவே எடுக்கல சார்" என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்ப்பீர்கள். மனுஷனும் அந்தக் கிணறு மாதிரிதான். பத்து நாள் ஊருக்குப் போய்ச் சும்மா இருங்கள். அம்மா எந்தக் கையை ஊன்றி எழுந்திருக்கிறார் என்பது போனில் தெரியாது. திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

ஜூன் மாதம் பாம்பன் பக்கம் வந்தால் அவசியம் வீட்டுக்கு வாருங்கள்; எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு செம்பு குடித்துவிட்டுப் போகலாம்.