ஒரு நாள் முந்திய சம்பளம்

சம்பளம் தாமதமாக வந்தால் ஏழை வீட்டில் அடுப்பு எரியாது. இது நாமறிந்த பழைய கதை. ஆனால் சம்பளம் முன்னதாக வந்தது. அதனாலேயே ஒரு தாயின் குடும்பம் நட்டப்பட்டது என்று நான் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? "முன்னதாக வந்தால் மகிழ்ச்சிதானே, நட்டம் எப்படி வரும்?" என்றுதான் கேட்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடை காணவே இன்று உங்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

இங்கிலாந்து என்றதும், பிறந்த குழந்தை முதல் பழுத்த கிழவர் வரை அரசு தாங்கிப் பிடிக்கும் நாடு என்ற எண்ணம் நம் மனதில் எழும். 1942-ஆம் ஆண்டு பெவரிட்ஜ் அளித்த அறிக்கையிலிருந்து வளர்ந்த புகழ் அது. அந்த நாட்டில், குறைந்த வருமானக்காரர்களுக்கென இருந்த ஆறு வகை உதவிகளை ஒரே உதவியாக இணைக்க 2012-ஆம் ஆண்டு சட்டம் செய்தார்கள். அதற்கு 'யூனிவர்சல் கிரெடிட்' என்று பெயர் வைத்தார்கள். 2013 ஏப்ரலில் ஆஷ்டன்-அண்டர்-லைன் என்ற ஊரில் அதைத் தொடங்கினார்கள்.

வேலையற்றவருக்கு மட்டுமல்ல, வேலை செய்தும் போதிய வருவாய் இல்லாதவருக்கும் இந்த உதவி உண்டு. சம்பளம் ஏறினால் உதவி இறங்கும். சம்பளம் இறங்கினால் உதவி ஏறும். நல்ல தத்துவம்தான். கேட்பதற்கு இனிமையான தத்துவமுங்கூட! ஆனால் தோழர்களே, தத்துவம் மேடையில் பேசும். விதிதான் வீட்டுக்குள் நுழையும். அந்த விதியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

ஒருவர் எந்தத் தேதியில் உதவி பெறத் தொடங்குகிறாரோ, அந்தத் தேதியிலிருந்து அவருக்கென ஒரு கணக்கு மாதம் பிறக்கிறது. அது நாட்காட்டியின் மாதமல்ல. அவருக்கே உரிய மாதம். அந்தக் கணக்கு மாதத்துக்குள் அவர் கைக்கு எவ்வளவு சம்பளம் வந்தது என்பதை, வரித்துறைக்கு முதலாளி அனுப்பும் தகவலிலிருந்து கணிப்பொறி எடுத்துக் கொள்கிறது. எந்த மாதத்து உழைப்புக்கான சம்பளம் என்று அது கேட்பதில்லை. எந்தத் தேதியில் வந்தது என்பதுதான் அதற்குத் தெரியும்.

பிள்ளை வளர்ப்போருக்குச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். வாடகைக்கும் உதவி பெறும் குடும்பத்துக்கு 2018-ஆம் ஆண்டில் அந்தக் கழிவு மாதம் 198 பவுண்டு. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அன்று 63 பென்னி உதவியிலிருந்து குறைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அது 55 பென்னியாகக் குறைந்தது. ஆனால் நாம் காணப் போகும் கதை 63 பென்னி காலத்துக் கதை.

ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். கணவன் துணையில்லை, பிள்ளைகள் உண்டு, வாடகை வீடு. கையில் வரும் சம்பளம் மாதம் 1,000 பவுண்டு. வருமானமே இல்லாவிட்டால் அவளுக்குக் கிடைக்கக்கூடிய உதவி 1,300 பவுண்டு என்று வைத்துக் கொள்வோம். 1,000-இல் 198 போக மீதி 802. அதில் நூற்றுக்கு 63 வீதம் குறைத்தால் 505 பவுண்டு 26 பென்னி. ஆகவே அவளுக்குக் கிடைக்கும் உதவி 794 பவுண்டு 74 பென்னி. இரண்டு மாதத்துக்கு 1,589 பவுண்டு 48 பென்னி. இதுவரை குறையில்லை.

அவளுக்குச் சம்பள நாள் மாதத்தின் கடைசி வேலை நாள். அவளுடைய கணக்கு மாதமோ மாதத்தின் கடைசி நாளில் தொடங்கி, அடுத்த மாதக் கடைசி நாளுக்கு முந்திய நாளில் முடிகிறது. 2018 மே 31, வியாழக்கிழமை: சம்பளம் வந்தது. ஜூன் 30 சனிக்கிழமை. ஆகவே ஜூன் சம்பளம் ஒரு நாள் முந்தி, 29-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே வந்தது. மே 31 முதல் ஜூன் 29 வரை ஒரே கணக்கு மாதம். பார்த்தீர்களா? ஒரு கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம்! ஜூன் 30 முதல் ஜூலை 30 வரையுள்ள அடுத்த கணக்கு மாதத்தில் சம்பளமே இல்லை; ஏனெனில் ஜூலைச் சம்பளம் 31-ஆம் தேதிதான் வந்தது.

கணிப்பொறி என்ன நினைத்தது? இந்தப் பெண் ஒரு மாதம் 2,000 பவுண்டு ஈட்டிய சீமாட்டி; மறு மாதம் வேலையே இல்லாத ஏழை! ஆகவே முதல் மாதத்துக்கு 164 பவுண்டு 74 பென்னி. மறு மாதத்துக்கு முழு 1,300. கூட்டிப் பாருங்கள்: 1,464 பவுண்டு 74 பென்னி. இழப்பு 124 பவுண்டு 74 பென்னி. அவள் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்கவில்லை. ஒரு காசு கூடுதலாகப் பெறவில்லை. சம்பளமில்லாத கணக்கு மாதத்தில் கழிப்பதற்கு எதுவுமில்லை. எனவே அந்த மாதத்துக்குரிய 198 பவுண்டுக் கழிவு காற்றோடு போயிற்று.

இழப்பு மட்டுமல்ல, இடர்ப்பாடும் உண்டு. வழக்கமாக 794 பவுண்டு வர வேண்டிய ஜூலை முதல் வாரத்தில் 164 பவுண்டு வந்தால், வாடகைக்காரனிடம் எந்தக் கணக்கைக் காட்டுவாள்? "அடுத்த மாதம் நிறைய வரும், சேர்த்து வைத்துச் செலவு செய்" என்பார்கள். சேர்த்து வைக்க மிச்சமிருந்தால் அவள் ஏன் உதவி கேட்கிறாள்? இன்னொன்றும் கேளுங்கள். இங்கிலாந்தில் பிள்ளையுள்ள குடும்பம் இந்த உதவி பெற்றால், கணக்கு மாதச் சம்பளம் 935 பவுண்டுக்கு மேற்படாத வரையில் மருந்துச் சீட்டுக்குக் கட்டணமில்லை. 600 பவுண்டு பெறும் தாய்க்கு அந்தச் சலுகை உண்டு. இரண்டு சம்பளம் ஒரே கணக்கில் விழுந்தால் 1,200 ஆகிறது, சலுகை நின்றுவிடுகிறது. நோய்க்குத் தெரியுமா, சம்பளம் எந்த வெள்ளிக்கிழமை வந்ததென்று?

இது எப்போதோ நேரும் விபத்தா? 2018-ஆம் ஆண்டு நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மார்ச் 30 புனித வெள்ளி, 31 சனி. ஆகவே சம்பளம் 29-இல். செப்டம்பர் 30 ஞாயிறு, சம்பளம் 28-இல். ஜூனையும் சேர்த்து அந்த ஓராண்டிலேயே மூன்று முறை! பக்கத்தில் நின்று அதே வேலையைச் செய்து, அதே சம்பளம் பெறும் மற்றொருத்தி 10-ஆம் தேதி விண்ணப்பித்திருந்தால் அவளுக்கு இந்த இழப்பே இல்லை.

இந்த அநீதியை நான்கு தாய்மார்கள் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றனர். 2019 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமைச்சகம் மேல் முறையீடு செய்தது. விதிக்குத் தெளிவான எல்லை வேண்டும், கணிப்பொறியை மாற்றுவது செலவு என்று வாதிட்டது. 2020 ஜூன் 22-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது. தீர்ப்பை எழுதியவர் ரோஸ் அம்மையார். விதியின் சொற்களுக்கு அமைச்சகம் சொன்ன பொருளே சரி என்று அவர் ஒப்புக் கொண்டார். ஆனால், குறை தெரிந்த பிறகும் அதைத் தீர்க்க மறுத்தது அறிவுக்குப் பொருந்தாதது, ஆகவே சட்டத்துக்கும் பொருந்தாதது என்று தீர்த்தார். அதே ஆண்டு நவம்பரில் விதி திருத்தப்பட்டது. மாதச் சம்பளக்காரருக்கு ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளம் விழுந்தால், ஒன்றை வேறு கணக்கு மாதத்துக்கு மாற்றலாம் என்றாயிற்று.

வெற்றிதான், ஆனால் முழு வெற்றியல்ல. நான்கு வாரத்துக்கு ஒரு முறை கூலி பெறுவோர் உண்டு. அவர்களுக்கு ஆண்டில் 13 கூலி நாள். வாரம் 16 மணி நேரம் குறைந்தபட்சக் கூலிக்கு உழைத்தால் உதவித் தொகையின் உச்சவரம்பிலிருந்து அன்று விலக்கு உண்டு. ஆனால் அளவுகோலோ மாதம்! 2019-இல் மணிக்கு 8 பவுண்டு 21 பென்னி. மாதத்துக்கு வேண்டியது 569 பவுண்டு. நான்கு வாரக் கூலியோ 525 பவுண்டுதான். அதனால் ஆண்டில் பதினொரு மாதம், உழைத்தும் உழைக்காதவராகவே எண்ணப்பட்டார்கள். இப்படி ஒரு தாய் தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்த்தது. 2021 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, விதி சட்டப்படி செல்லும் என்றது.

அப்படியானால் ஆண்டுக் கணக்கே மேலா? அதையும் அந்த நாடு பார்த்திருக்கிறது. பழைய வரிச் சலுகை முறை ஆண்டு வருமானத்தைப் பார்த்தது. ஆண்டு முடிந்ததும் "அதிகம் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு" என்று கேட்டது. ஆகவே, அளவுகோல் ஆண்டா மாதமா என்பதல்ல கேள்வி. அளவுகோல் தவறும்போது திருத்த ஒரு மனிதக் கை இருக்கிறதா என்பதே கேள்வி.

தோழர்களே! "எனக்கு உதவி குறைந்துவிட்டது" என்று எவரேனும் உங்களிடம் வந்தால், "உன் கணக்கில் தவறிருக்கும்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். சம்பளம் எந்தத் தேதியில் வந்தது? அரசின் கணக்கு எந்தத் தேதியில் மூடியது? அந்தச் சம்பளம் எந்த மாத உழைப்புக்கு? அந்த நான்கு தாய்மார்கள் கேட்டவை இவைதான். ஓர் அரசு தன் விதியைத் திருத்துவதற்கு அவை போதுமானவையாக இருந்தன.

நலத் திட்டத்தின் பெயரைப் பாராட்டுவோம். அதோடு நின்றுவிடாமல், அதன் விதியையும் வரிவரியாகப் படிப்போம். ஏழையின் உரிமை பல வேளைகளில் ஒரு தேதிக்குள்தான் ஒளிந்திருக்கிறது!