புதுக் கல்லீரலுக்கு ஒரு காவல்

கெட்டுப்போன கல்லீரலை எடுத்துவிட்டு நல்லதை வைத்தாயிற்று. நோய் போய்விட்டது என்றுதானே நினைப்போம்? 1980-களில் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் பலருக்கு நடந்தது வேறு. ரத்தத்தில் தங்கியிருந்த வைரஸ் புதிய கல்லீரலிலும் குடியேறியது. மாற்று உறுப்பை உடல் ஒதுக்காமலிருக்கக் கொடுக்கும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிடுவதால், வைரஸ் இன்னும் வேகமாகப் பெருகியது. இவர்களுக்கு மாற்று அறுவை சிகிச்சையே பயனில்லை என்று மருத்துவர்கள் பலர் கைவிரித்தார்கள்.

பாரிஸை அடுத்த வில்ஜுயிஃப் நகர மருத்துவர் டிடியே சாமுவேலும் மற்ற ஐரோப்பிய மருத்துவர்களும் இப்படி மாற்றுக் கல்லீரல் பெற்ற 372 நோயாளிகளின் விவரங்களை அலசி, 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். வைரஸைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் ஊசியே போடாதவர்களுக்கு மூன்று ஆண்டுக்குள் வைரஸ் திரும்பும் வாய்ப்பு 75 சதவீதம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் அந்த ஊசி போட்டவர்களுக்கு 36. இரண்டு மாதத்தோடு நிறுத்தியவர்களுக்கோ 74! பாதியில் விட்டதற்கும் போடாமலே இருந்ததற்கும் வித்தியாசமே இல்லை.

இந்த இம்யூனோகுளோபுலின், முகம் தெரியாத மனிதர்களின் எதிர்ப்புப் பொருள் நிறைந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது.

பிறகு வைரஸைக் கட்டுப்படுத்தும் லாமிவுடின், என்டெகாவிர், டெனோஃபோவிர் மாத்திரைகள் கைகொடுத்தன. ஊசியும் மாத்திரையும் சேர்ந்தபின் வைரஸ் திரும்புவது 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. அன்று திருப்பி அனுப்பப்பட்டவர்களைப் போன்ற நோயாளிகளுக்கு இன்று மாற்றுக் கல்லீரல் நம்பிக்கையோடு பொருத்தப்படுகிறது.